குட்டிக் கைகளுக்கு வீட்டு வேலை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான மழலையர் வகுப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் குழந்தைகள் தட்டு எடுத்து வைப்பதையும் மேசை துடைப்பதையும் பார்க்கும் பெற்றோர், "இதையெல்லாம் வீட்டில் எப்படிச் செய்ய வைப்பது?" என்று கேட்பார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டவை, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தவை, பாட்டிமார் கொஞ்சம் கோபத்தோடு கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றரை வயசுக் குழந்தைக்கு என்ன வேலை தெரியும்? ரொம்பச் சீக்கிரம் இல்லையா?

வேலை தெரியாதுதான். ஆனால் செய்ய வேண்டும் என்ற ஆசை இந்த வயதில் தானாகவே வந்துவிடுகிறது. நீங்கள் பெருக்கும்போது துடைப்பத்தின் மறுமுனையைப் பிடித்துத் தொங்குவது, மடித்து வைத்த துணியை அள்ளிக்கொண்டு ஓடுவது, பிசைந்த சப்பாத்தி மாவில் விரலை விட்டுப் பார்ப்பது எல்லாம் நமக்குச் சேட்டையாகத் தெரிகிறது. "நானும் வர்றேன்" என்று வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை அப்படித்தான் சொல்லும்.

ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஜெர்மனியில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். 18 மாதக் குழந்தைகள் 24 பேர். பெரியவர் ஒருவர் கொடியில் துணி காயப்போடுவார். கிளிப் கீழே விழுந்துவிடும், எடுக்க எட்டாதது போலக் கையை நீட்டுவார். இன்னொரு முறை கை நிறையப் புத்தகங்களோடு வந்து மூடிய அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். உதவி என்று வாய் திறந்து கேட்க மாட்டார். ஆனாலும் 24 பேரில் 22 பேர் ஒரு முறையாவது எழுந்து போய் உதவினார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் பத்து விநாடிக்குள். அதே கிளிப்பைப் பெரியவர் வேண்டுமென்றே தூக்கி எறிந்தபோது அப்படி ஓடிப் போய் எடுக்கவில்லை. யாருக்கு உதவி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று அந்த வயதிலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆகவே ஆசையை நாம் ஊட்ட வேண்டியதில்லை. "நகரு, அம்மா பார்த்துக்கறேன், நீ போய் விளையாடு" என்று ஒரு நாளில் பத்துத் தடவை சொல்லாமல் இருந்தாலே போதும். இரண்டு வயதில் விரட்டி விரட்டி அனுப்பிய பிள்ளையை எட்டு வயதில் கூப்பிட்டால் அது டிவி முன்னாலிருந்து எழுந்து வராது. "இவ்வளவு வளர்ந்தும் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லும் பெற்றோரிடம் நான் கேட்பது, அவன் சின்னவனாக இருந்தபோது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தானா, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதுதான்.

எதில் ஆரம்பிக்கலாம்? வயசு வாரியாகச் சொல்லுங்களேன்.

வயதைவிட உங்கள் பிள்ளை இப்போது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். எது அதன் கண்ணில் படுகிறதோ அதில் ஒரு சின்னத் துண்டை அதற்குக் கொடுங்கள். இருந்தாலும் ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்.

நடக்க ஆரம்பித்ததிலிருந்து ஒன்றரை வயது வரை எடுத்துப் போடுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் வேலை. அழுக்குத் துணியைக் கூடையில் போடுவது, கழற்றிய செருப்பை அதன் இடத்தில் வைப்பது, "இதைத் தாத்தாகிட்ட குடு" என்றால் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பொம்மைகளைக் கூடையில் அள்ளிப் போடுவது. தினசரிப் பேப்பரை வாசலிலிருந்து உள்ளே தூக்கி வருவது இந்த வயதுக்கு ரொம்பப் பெரிய பெருமை.

ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை கை வேலை கூடுகிறது. கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவுவது, கொத்தமல்லித் தழையைக் கிள்ளுவது, வாஷிங் மெஷினில் துணி போடுவது, காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பது, சிந்தியதைத் துணியால் துடைப்பது, துளசிக்குச் சின்னச் சொம்பில் தண்ணீர் ஊற்றுவது. கிளிப்பைத் திறந்து மாட்ட விரலில் வலு இருக்காது, எடுத்து நீட்டினால் போதும். மாட்டிப் பார்க்கிறேன் என்று மல்லுக்கட்டினால் விட்டுவிடுங்கள். அந்த மல்லுக்கட்டுதான் விரலுக்குப் பயிற்சி.

இரண்டரைக்கு மேல் முருங்கைக் கீரை ஆய்வது, பீன்ஸ் ஒடிப்பது, அவரைக்காய் நார் எடுப்பது, வாழைப்பழம் உரிப்பது, தோசை மாவைக் கலக்குவது, சப்பாத்திக்கு உருண்டை பிடிப்பது, கைக்குட்டை மடிப்பது, ஜோடி ஜோடியாகச் சாக்ஸ் சேர்ப்பது, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணித் தட்டு வைப்பது எல்லாம் வரும். எவர்சில்வர் தட்டு இருக்கும் நம் வீடுகளில் இது சுலபம், விழுந்தாலும் சத்தம்தான் வரும். பூண்டு உரிக்கக் கொடுப்பதாக இருந்தால் பற்களைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் ஊறப்போட்டு ஆறிய பிறகு கொடுங்கள், தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கையைக் கழுவும் வரை கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முருங்கைக் கீரையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. தரையில் பேப்பர் விரித்து ஒரு கொத்தைப் போட்டு எதிரில் நீங்களும் உட்காருங்கள். காம்பை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையின் இரண்டு விரலால் மேலிருந்து கீழே உருவிக் காட்டுங்கள். பிள்ளை முதலில் ஒவ்வோர் இலையாகப் பிய்க்கும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடிகூட மறையாது. பிறகு ஒரு நாள் உருவும் விதம் தானாகப் பிடிபட்டுவிடும், விரலுக்கிடையில் இலை சரசரவென்று வந்து சேரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கீரையில் கத்தி இல்லை, கண் எரியாது, வாயில் போட்டாலும் பயமில்லை. அன்றைக்குப் பொரியலில் "இது நான் ஆஞ்ச கீரை" என்று இரண்டு வாய் கூடுதலாக இறங்கும்.

சமையலறைக்குள் விடவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நியாயமானது. அடுப்பு எரியும்போது பிள்ளைக்கு வேலை அடுப்பங்கரையில் கிடையாது, அவ்வளவுதான். சமையலறை வாசலுக்கு வெளியே தரையில் பாய் விரித்தால் அதுதான் அதன் இடம். மேடை உயரத்துக்கு ஸ்டூல் போட்டு ஏற்றி நிறுத்தும் படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறோம். நம் மேடையில் அடுப்பு, குக்கர், மிக்ஸி எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்துதானே காய் நறுக்கினார்கள், குழந்தைக்கும் அதுதான் பாதுகாப்பு. அரிவாள்மனை இருக்கும் வீடென்றால் வேலை முடிந்ததும் மடக்கி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

மற்ற ஆபத்துகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுடு எண்ணெய், கொதிக்கும் சாம்பார், சாதம் வடித்த கஞ்சி, குக்கர் நீராவி, ஓடும் கிரைண்டர், சூடான இஸ்திரிப் பெட்டி இவற்றின் பக்கத்தில் நான்கு வயது வரை எந்த வேலையும் வேண்டாம். பினாயில், கழிவறை ஆசிட், கொசு மருந்து, மண்ணெண்ணெய் எதையும் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. குறிப்பாகப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ இவற்றை ஊற்றி வைக்கவே கூடாது. துடைக்கும் வேலைக்கு வெறும் தண்ணீர் போதும்.

பக்கெட் தண்ணீரை நாம் அலட்சியமாக நினைக்கிறோம். இந்த வயதில் தலை கனம். குனிந்து பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. தண்ணீர் வேலை என்றால் அகலமான ஆழமில்லாத தட்டிலோ கிண்ணத்திலோ கொடுத்து, நீங்களும் கூடவே இருங்கள். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். சம்ப் மூடியும் தொட்டி மூடியும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது மூக்கும் தொண்டையும். நிலக்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை போன்றவற்றை மூன்று வயதுக்குக் கீழ் கையில் கொடுக்க வேண்டாம். மூக்குக்குள் போட்டுக்கொள்வார்கள், தொண்டையில் மாட்டிக்கொள்ளும். பட்டாணி உரிப்பது அருமையான வேலைதான், ஆனால் மூன்று வயது தாண்டி, நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். இவளைச் சேர்த்துக்கொண்டால் பத்து நிமிஷ வேலை அரை மணி நேரம் ஆகிறது. எங்கே நேரம்?

எல்லா வேலையிலும் சேர்க்க வேண்டியதில்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும் பரபரப்பில் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் ஆரம்பித்தால் முடிவில் கத்துவோம், குழந்தைக்கு வேலை என்றால் அம்மாவின் கோபம் என்று பதிந்துவிடும். ஒரு நாளில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், தினமும் அதே வேலை, அதே நேரம். சாயங்காலம் வீடு வந்ததும் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் தொட்டியருகே வைப்பது, ராத்திரி சாப்பாட்டுக்கு டம்ளர் எடுத்து வைப்பது, இப்படி ஏதாவது ஒன்று. அது பழகட்டும், அப்புறம் அடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்க உட்காருகிறீர்கள் அல்லவா? அந்த ஒரு மணி நேரம் போனைத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தையோடு உட்காருங்கள். வாரம் முழுக்கப் பிள்ளையைப் பிரிந்திருக்கும் அப்பாவுக்கும் இது நல்ல நேரம். தனியாக "குவாலிட்டி டைம்" ஒதுக்க முடியவில்லையே என்று வருத்தப்படும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்வேன். வேலை எப்படியும் செய்யத்தான் போகிறோம், அதில் குழந்தைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

பார்பரா ரோகாஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவில் மாயா மக்கள் வாழும் ஊரில் பல ஆண்டுகள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே குழந்தைகளுக்கென்று தனி நிகழ்ச்சி எதையும் பெரியவர்கள் ஏற்பாடு செய்வதில்லை. பெரியவர்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், உற்றுப் பார்க்கிறார்கள், முடிந்ததில் கை கொடுக்கிறார்கள். நம் கிராமங்களில் களத்துமேட்டிலும் மொட்டைமாடி வடகத்திலும் நடந்ததும் இதுதான்.

தண்ணீர் ஊற்றக் கொடுத்தால் வீடெல்லாம் கொட்டுகிறான். கொடுக்கத்தான் வேண்டுமா?

கொடுங்கள், ஆனால் கொட்டினாலும் பரவாயில்லை என்ற அளவில் கொடுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கொட்டாதே என்றால் நடக்காது. சின்ன எவர்சில்வர் சொம்பு ஒன்று, அதே அளவு டம்ளர் ஒன்று, இரண்டையும் ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். சொம்பில் பாதித் தண்ணீர் மட்டும். பக்கத்தில் ஒரு துண்டு.

முதலில் நீங்கள் ஊற்றிக் காட்டுங்கள். அப்போது பேசாதீர்கள். நாம் பேசினால் குழந்தை நம் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. ஒரு கை சொம்பின் கழுத்தில், இன்னொரு கை அடியில். மெதுவாகச் சாய்த்து, டம்ளர் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு விழும் வரை பொறுத்து நிமிர்த்துங்கள். அப்புறம் குழந்தை முன்னால் தாம்பாளத்தைத் தள்ளிவிட்டுச் சும்மா உட்காருங்கள். நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றும். முதல் தடவை பாதி தாம்பாளத்தில்தான் விழும். அதற்குத்தானே தாம்பாளம். ஊற்றி முடித்தால் திரும்ப ஊற்ற வேண்டும் என்று கேட்கும், விடுங்கள்.

சிந்தினால் துண்டைக் கையில் கொடுத்து, "துடைச்சிடலாம் வா" என்று சொல்லுங்கள். குரலில் தண்டனை இருக்கக் கூடாது. துடைப்பதும் இன்னொரு வேலை, பல பிள்ளைகளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பது பிடிக்கும். புது ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்து ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றில் பிழியச் சொல்லிப் பாருங்கள். பின்னால் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கடையில் கிடைக்காது.

விளையாட்டுச் சமையல் செட் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அது போதாதா?

விளையாடட்டும். சொப்புச் சாமான் வைத்துச் சோறாக்கி விளையாடாத குழந்தை நம் ஊரில் உண்டா? அது கற்பனைக்கு நல்லது. ஆனால் அது வேறு, இது வேறு. பிளாஸ்டிக் தக்காளியை நறுக்கினால் வீட்டில் யாரும் அதைச் சாப்பிடப் போவதில்லை என்று மூன்று வயதுக்கு நன்றாகவே தெரியும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கியபோது கவனித்ததும் இதைத்தான். பொம்மைகள் இருந்தும் பிள்ளைகள் பெருக்குவதையும் கை கழுவுவதையும் சாப்பாடு பரிமாறுவதையும்தான் தேடிப் போனார்கள். அன்றாட வாழ்க்கை வேலைகள் இன்றைக்கும் மாண்டிசோரி பள்ளிகளில் முதல் பாடமாக இருப்பது அதனால்தான். அந்த அம்மையாருக்கு நம்மோடு நெருங்கிய உறவு உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியும் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப முடியாமல் போனது. போர்க்காலத்தில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில், குழந்தைகளோடு வேலை செய்தபடியே கழித்தார்.

விலை உயர்ந்த "மாண்டிசோரி செட்" எதுவும் வாங்க வேண்டாம். பூந்துடைப்பத்தின் கைப்பிடியைக் குழந்தை உயரத்துக்கு அறுத்துக் கொடுங்கள், பழைய பனியனைக் கைக்குட்டை அளவு வெட்டித் துடைக்கும் துணியாக்குங்கள், பாத்திரக் கடையில் சின்னச் சொம்பும் கரண்டியும் வாங்குங்கள். முடிந்தது. தென்னந்துடைப்பம் மட்டும் வேண்டாம், ஈர்க்கு கண்ணில் குத்தும்.

வேலை செய்தால் சாக்லேட், காசு, ஸ்டிக்கர் ஏதாவது கொடுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட இன்னொரு சோதனை இதைப் பற்றியதுதான். 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவி செய்ததும் பொருள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், சிலரை வாயால் பாராட்டினார்கள், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள்.

பாராட்டு தவறில்லை. ஆனால் "சூப்பர்டா தங்கம், சமத்து" என்று ஒவ்வொன்றுக்கும் கை தட்ட வேண்டியதும் இல்லை. நடந்ததைச் சொன்னாலே போதும். "நீ கிளிப் எடுத்துக் குடுத்தே, துணி எல்லாம் காயப்போட்டாச்சு." "நீ தட்டு வெச்சே, எல்லாரும் உக்காந்துட்டோம்."

மடித்து வைத்த துணி கோணல்மாணலாக இருக்கிறது. நான் திருத்தலாமா?

குழந்தை பார்க்கத் திருத்தாதீர்கள். கைக்குட்டையை நான்காக மடித்துத் தட்டித் தட்டி அடுக்கிவிட்டுப் போகும். நீங்கள் உடனே பிரித்து மடித்தால், அது செய்தது வேலையில்லை என்று சொன்ன மாதிரி. அப்படியே அலமாரியில் வையுங்கள். சுருங்கிய கைக்குட்டையோடு ஆபீஸ் போனால் என்ன ஆகிவிடும்? சுகாதாரம் சம்பந்தப்பட்டதை மட்டும், உதாரணமாகக் கழுவிய டம்ளரை, பிள்ளை தூங்கிய பிறகு திரும்பக் கழுவிக்கொள்ளுங்கள்.

பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். சில நாள் "மாட்டேன்" என்கிறாள்.

ஓடட்டும். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வேலையில் ஐந்து நிமிடம் இருந்தாலே பெரிது. மிச்சத்தை நீங்கள் முடித்துவிடுங்கள், முகம் சுளிக்காமல். துரத்திப் பிடித்து வந்து உட்கார வைத்தால் மறுநாள் பக்கத்திலேயே வராது.

"மாட்டேன்" என்பது இந்த வயதின் இயல்பு. கட்டளை குறைந்தால் மறுப்பும் குறையும். "தட்டை எடு" என்பதற்குப் பதிலாக "தட்டு எடுக்கறியா, டம்ளர் எடுக்கறியா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு விஷயம் சொல்லாதீர்கள். ஒன்றரை வயதில் ஒரு வேலை சொன்னால் புரியும். இரண்டரை வயதில் "பொம்மையை வெச்சிட்டுக் கதவைச் சாத்து" என்பது போல இரண்டைச் சேர்த்துச் சொல்லலாம். பசியும் தூக்கமும் இருக்கும் நேரத்தில் எதுவுமே சொல்ல வேண்டாம்.

தன் பொருளை எடுத்து வைப்பதையும் வீட்டுக்குப் பொதுவான வேலையையும் கலந்து கொடுங்கள். "உன் பொம்மை, நீயே எடுத்து வை" என்பது மட்டுமே வேலை என்றால் அது தண்டனை போலத்தான் இருக்கும். அப்பாவுக்குத் தட்டு வைப்பதிலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதிலும் கிடைக்கும் மகிழ்ச்சி அதில் கிடைக்காது.

இதனால் குழந்தைக்கு உண்மையில் என்ன பயன்? ஏ பி சி டி சொல்லிக் கொடுக்கும் நேரம் வீணாகாதா?

சாக்ஸ் ஜோடி சேர்க்கும்போது நிறமும் அளவும் வருகின்றன. ஐந்து பேருக்கு ஐந்து தட்டு வைக்கும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வருகிறது, அதுதான் எண்ணுவதன் அடிப்படை. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைகள் பலர் நான்கு ஸ்பூன் எடுத்து வா என்றால் கை நிறைய அள்ளி வருவதை வகுப்பில் பார்க்கிறேன். ஒப்பிப்பது எண்ணுவதாகிவிடாது.

பேச்சு வளருவது இதில் தெளிவாகத் தெரியும். வேலை செய்துகொண்டே நாம் பேசும் பேச்சில் எத்தனை சொற்கள்: கீரையை ஆய், பூண்டை உரி, துணியை உதறு, மாவைச் சலி, அரிசியைக் களை, தண்ணீரைப் பிழி. படப் புத்தகத்தில் பொருள்களின் பெயர்தான் கிடைக்கும். இந்த வினைச்சொற்கள் கையோடு சேர்ந்து வருவதால் மறக்காது. வீட்டில் ஆங்கிலம் கலந்தே பேசும் குடும்பங்களுக்கு, குழந்தை தமிழ் பேச வேண்டும் என்று ஆசை இருந்தால், தமிழ் வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால் அடுக்களையில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

போன் பார்க்கும் நேரமும் தானாகக் குறையும். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதில் திரையே வேண்டாம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிகாட்டல். அம்மா சமைக்கும் நேரத்தில்தான் பல வீடுகளில் போன் குழந்தை கைக்குப் போகிறது. அந்த நேரத்துக்கு ஒரு கிண்ணம் கறிவேப்பிலை கொடுத்துப் பாருங்கள்.

மாமியார், "பச்சைப் புள்ளையை வேலை வாங்குறியே" என்கிறார். என்ன பதில் சொல்வது?

அத்தையிடம் வாதாட வேண்டாம். பேரனையோ பேத்தியையோ அவரோடு உட்கார வையுங்கள். கீரை ஆய, வெற்றிலையைத் துடைக்க, பூத்தொடுக்கும்போது பூ எடுத்துக் கொடுக்க, விளக்குக்குத் திரி உருட்ட, பாட்டிமாரைவிடப் பொறுமையான ஆசிரியை கிடையாது. அம்மா ஐந்து நிமிடத்தில் பொறுமை இழக்கும் இடத்தில் பாட்டி அரை மணி நேரம் உட்காருவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கட்டாயப்படுத்தினாலும், குழந்தை செய்யாவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற நிலை வந்தாலும், அது வேலை வாங்குவதுதான். நாம் சொல்வது அது இல்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடிவிடலாம் என்ற சுதந்திரம் குழந்தைக்கு இருக்க வேண்டும்.

ஆண் குழந்தைக்கும் இதெல்லாம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஒரே வீட்டில் அக்காவைத் தட்டு எடுக்கச் சொல்லிவிட்டுத் தம்பியை உட்கார வைத்துப் பரிமாறும் வழக்கம் இன்னும் நிறையவே இருக்கிறது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களே நூற்றுக்குச் சுமார் 26 பேர், அவர்கள் செலவிடுவது 97 நிமிடம். இந்த இடைவெளி முப்பது வயதில் திடீரென்று முளைப்பதில்லை. ஒன்றரை வயதில் பையனும் பெண்ணும் ஒரே ஆசையோடு துடைப்பத்தைப் பிடிக்கிறார்கள். "ஆம்பளப் புள்ள வெளக்கமாறு தொடலாமா" என்று சிரித்துக்கொண்டே பிடுங்குகிறோமே, அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்பா வீட்டு வேலை செய்வதைப் பிள்ளை பார்க்க வேண்டும். அப்பா சோபாவில் உட்கார்ந்துகொண்டு "போய் அம்மாவுக்கு உதவி பண்ணு" என்றால் குழந்தை கற்றுக்கொள்வது சோபாவில் உட்காருவதைத்தான்.

வேலைக்கு அக்கா வருகிறார். வீட்டில் வேலையே இல்லையே?

பாத்திரமும் தரையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுவது, துணி மடிப்பது, செடி, படுக்கை, செருப்பு இதெல்லாம் வீட்டாரிடமே இருக்கட்டும். "அதெல்லாம் அக்கா செய்வாங்க" என்ற வார்த்தையைக் குழந்தை காதில் போடாதீர்கள். அந்த அக்காவைப் பற்றிப் பிள்ளை மனதில் எழும் மரியாதை அதைப் பொறுத்தது.

என் மகனுக்குப் பேச்சும் நடையும் கொஞ்சம் தாமதம். அவனுக்கும் இது முடியுமா?

முடியும். பல சிகிச்சையாளர்களே வீட்டு வேலையைப் பயிற்சியாகச் சொல்லித் தருகிறார்கள். வேலையை இன்னும் சின்னத் துண்டுகளாக்கிக் கொடுங்கள். கைக்குட்டையை நீங்கள் பாதி மடித்து, கடைசி மடிப்பை மட்டும் அவனுக்கு விடுங்கள். முடித்த திருப்தி அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

18 மாதம் ஆகியும் விரல் நீட்டி எதையும் காட்டாமல் இருந்தாலோ, சைகை இல்லாமல் "அதைக் குடு" என்று சொன்னால் புரியாமல் இருந்தாலோ, முன்பு செய்த ஒன்றைச் செய்வதை நிறுத்திவிட்டாலோ, "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். குழந்தை வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே பார்த்துப் பயிற்சி கொடுக்கும் மையங்கள் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கின்றன.

இரண்டு பிள்ளைகள். ஒரே வேலைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு துண்டாக்குங்கள். பெரியவள் துணியை உதறட்டும், சின்னவன் கிளிப் கொடுக்கட்டும். பெரியவள் தட்டு, சின்னவன் டம்ளர். "அக்காவைப் பாரு, எவ்வளவு அழகா செய்யறா" என்று மட்டும் ஒப்பிட வேண்டாம், சின்னவன் அந்த வேலையையே வெறுத்துவிடுவான். துடைப்பம் என்றால் இரண்டாக வாங்கிவிடுங்கள், அதில் சமாதானம் செய்து வைக்க யாராலும் முடியாது.